நாலு ஊக்கு

சத்தியவேடு
12-1-1958

டீச்சரம்மா கிருபாவதி அவர்களுக்கு கோவர்த்தனன் வணக்கம்.

இங்கே நானும் என் சம்சாரம் ருக்மணியும் சின்னவள் யசோதாவும் சௌக்கியம். பெரியவள் தாட்சாயணி அங்கே சித்தூரில் உங்கள் ஹாஸ்டலில் சௌக்கியம் என்று அவள் கடிதத்தில் தெரிந்தது. மூன்று பக்கம் எழுதியிருக்கிறாள். அதில் இரண்டரைப் பக்கம் படகுதான்.

நீங்கள் அனுப்பிய சம்மதப் பத்திரமும் வந்தது. மெட்ராஸ் பட்டணத்தில் விடப் பயந்துதான் மகளைச் சித்தூர் மிஷன் கல்லூரியில் சேர்த்தேன். பொம்பளைப் பிள்ளைகள், பொம்பளை வாத்தியார்கள், நாலு பக்கமும் மதில், நிம்மதி என்று நினைத்தேன். நீங்கள் மதிலைத் தாண்டி அவளை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாய்மரம் கட்டக் கற்றுக்கொடுக்கிறீர்கள். நல்ல காரியம் அம்மா. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணுக்கு என்ன தெரியும் என்று கேட்டால், சுக்கான் பிடிக்கத் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறேன்.

விளையாட்டுக்குச் சொன்னேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தண்ணீரைப் பற்றி எனக்குப் பயமில்லை. எட்டு வயதில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி எங்கள் கிணற்றில் நான்தான் அவளைத் தள்ளிவிட்டேன். மூன்றாம் நாளே குடுக்கையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, "நைனா, நீ மேல போ, நான் ஒண்டியா நீஞ்சறேன்" என்றாள்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மற்றப் பெண்கள் பைஜாமாவும் சட்டையும் போட்டுக்கொண்டு படகேறுவதாக எழுதியிருக்கிறாள். அவர்கள் வீட்டு வழக்கம் அவர்களுக்கு. என் மகள் பாவாடை தாவணியோடுதான் ஏற வேண்டும். போட்டி நடக்கும் சூளூர்ப்பேட்டைப் பக்கத்து ஏரிக்கரையில் வேடிக்கை பார்க்க எங்கள் பக்கத்து ஆட்களும் வருவார்கள், நான் இந்த ஊரில் தலை காட்ட வேண்டும். காற்றில் பறக்கும் என்றால் தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு, ஆக நாலு ஊக்கு குத்திக்கொள்ளட்டும். இதை நீங்கள் ரூலில் சேர்த்துக்கொண்டால் என் கையெழுத்து செல்லும். இல்லாவிட்டால் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கோவர்த்தனன்


திருப்பதி
21-1-1958

மதிப்பிற்குரிய கோவர்த்தனன் ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் தாட்சாயணிக்கே படித்துக் காட்டினேன். மாப்பிள்ளை வீட்டார் கதையைக் கேட்டு வெகுநேரம் சிரித்தாள். தாவணி விஷயத்தில் மட்டும் முகம் சுருங்கியது. பிறகு "நைனா சொன்னா சொன்னதுதான் டீச்சர்" என்று அவளே ஒத்துக்கொண்டாள்.

போட்டி விதிகளை முடிவு செய்ய இரண்டு கல்லூரி ஆசிரியைகளும் இன்று திருப்பதியில் கூடினோம். இங்கிருந்தே எழுதுகிறேன், நீங்கள் கவலையில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. பெண்கள் கல்லூரிகளுக்குள் பாய்மரப் போட்டி நடப்பது நம் பக்கத்தில் இதுதான் முதல் தடவை. தவறு நேர்ந்தால் இனி யாரும் பெண்களை ஏரிப்பக்கம் விடமாட்டார்கள். ஆகையால் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்துத்தான் எழுதினேன். ஒன்பது விதிகள். நீச்சல் தேறியவர்கள் மட்டுமே படகேறலாம். ஒரு படகுக்கு இருவர், சுக்கானுக்கு ஒருத்தி, பாய்க்கு ஒருத்தி. தாட்சாயணி சுக்கான், எங்கள் சபையைச் சேர்ந்த ஞானம்மாள் பாய். உடை பற்றிய விதியில் உங்கள் விருப்பப்படி தாட்சாயணிக்கு மட்டும் விலக்கு எழுதிச் சேர்த்திருக்கிறேன்.

காவல் படகு ஒன்று முழு நேரமும் தண்ணீரிலேயே இருக்கும். அதை ஓட்டுபவர் ரங்கையா. தெலுங்குக்காரர், அந்த ஏரியிலேயே பிறந்து வளர்ந்தவர்.

ஏரியில் ஒரு வழக்கம் உண்டு. மீன் பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒருவருடைய பாட்டில் இன்னொருவர் படகு நுழையக்கூடாது. நாங்கள் போட்டிக்கு வாங்கிய இடத்தைச் சுற்றிச் சவுக்குக் கொம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம். எங்கள் படகுகள் எதுவும் அந்தக் கொம்பைத் தாண்டாது என்று ஏழாவது விதியாகவே எழுதி மீனவர் குப்பத்துப் பெரியவர்களிடம் கொடுத்தேன். அவர்கள் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன். பிறர் பிழைக்கும் இடத்தில் விளையாடப் போகிறவர்கள் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் அல்லவா?

போட்டி பிப்ரவரி எட்டாம் தேதி, சனிக்கிழமை. வேலையை விட்டு உங்களால் வர முடியாது என்று தாட்சாயணி சொன்னாள். முடிந்ததும் ஜெயித்த செய்தியைத் தந்தி அடிக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கிருபாவதி


சத்தியவேடு
2-4-1958

டீச்சரம்மாவுக்கு,

உங்கள் கடிதங்கள் மூன்றும் வந்தன. பிரிக்கவில்லை. பிரித்தால் கர்த்தருடைய சித்தம் என்று ஏதாவது எழுதியிருப்பீர்கள், அதைப் படிக்க எனக்குத் தெம்பில்லை.

தாட்சாயணியின் டிரங்குப் பெட்டி லாரி ஆபீசிலிருந்து வந்து சேர்ந்தது. ருக்மணி எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்துப் பார்த்தாள். புத்தகம், சீப்பு, நாலு பாவாடை, மூன்று தாவணி. ஒரு தாவணி குறைகிறது என்றேன். அது எது என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டு எல்லாவற்றையும் மறுபடி உள்ளே அடுக்கினாள். அதற்குப் பிறகு நான் பெட்டிப் பக்கம் போகவில்லை.

கழுத்தளவுத் தண்ணீராம். ஏரிக்குப் போன எங்களூர் ஆட்கள் சொன்னார்கள். பதினேழு முழம் ஆழக் கிணற்றில் நீந்தின பெண் கழுத்தளவுத் தண்ணீரில் செத்துப் போனாள் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

இன்னொன்றும் சொன்னார்கள். காவல் படகு பக்கத்தில்தான் இருந்ததாம். கொம்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டதாம். கொம்புக்கு அந்தாண்டை மெட்ராஸ் தண்ணீர், இந்தாண்டை ஆந்திராத் தண்ணீர், அதனால் ஆந்திராப் படகு மெட்ராஸ் ராஜ்யத்துப் பெண்ணுக்காகக் கோட்டைத் தாண்டவில்லை என்கிறார்கள். "உம் பொண்ணு தமிழ்ப் பொண்ணுன்னுதான் உட்டுட்டான் கோவர்த்தனா" என்று கண்ணால் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

இது மெய்யா? ரங்கையாவின் படகு கொம்பண்டை நின்றதா? ஆம், இல்லை, ஒரே வரி எழுதினால் போதும்.

கோவர்த்தனன்


சித்தூர்
14-4-1958

ஐயா அவர்களுக்கு,

நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆம். ரங்கையாவின் படகு கொம்பருகே நின்றது.

அதற்கு மேல் எழுத இப்போது எனக்குப் பலமில்லை. தாட்சாயணியின் தாயாரைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் உங்கள் குடும்பத்துக்காக ஜெபிக்கிறேன்.

கிருபாவதி


சித்தூர்
16-11-1959

மதிப்பிற்குரிய கோவர்த்தனன் ஐயா அவர்களுக்கு,

ஒன்றே முக்கால் வருஷம் கழித்து எழுதுகிறேன். சென்ற ஜூலையில் யசோதாவை எங்கள் கல்லூரியிலேயே சேர்த்தீர்கள். அக்காள் படித்த இடத்தில்தான் படிப்பேன் என்று அவள் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சேர்க்க வந்த அன்று நீங்கள் என் அறை வாசல் வரை வந்து திரும்பிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே வர எனக்குத் துணிவில்லை.

நின்றுபோன பாய்மரப் போட்டியை மார்ச் மாதம் ஐந்தாம் தேதி மறுபடி நடத்துவது என்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. விதிகளைத் திருத்தும் பொறுப்பை என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். யசோதா சுக்கானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். நான் சொல்லிக்கொடுக்கவும் இல்லை, தூண்டவும் இல்லை.

சம்மதப் பத்திரம் இத்துடன் இருக்கிறது. உங்கள் கையெழுத்து வராவிட்டால் அவள் பெயரை நானே அடித்துவிடுவேன்.

கிருபாவதி


சத்தியவேடு
5-12-1959

டீச்சரம்மாவுக்கு,

பத்திரம் வந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஒரு பெண்ணைக் கொடுத்தேன், பெட்டியைத் திருப்பி அனுப்பினீர்கள். இன்னொரு பெட்டி எங்களுக்கு வேண்டாம். படிப்பதற்குத்தான் யசோதாவை விட்டேன். ஏரிக்கரையில் அவள் கால் பட்டதாகத் தெரிந்தால் அன்றைக்கே வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

இங்கே எல்லைத் தீர்ப்பு ஆகிவிட்டது. திருத்தணி மெட்ராஸுக்கு, சத்தியவேடு ஆந்திராவுக்கு. வருகிற ஏப்ரல் முதல் தேதி தூங்கி எழுந்தால் நாங்கள் ஆந்திராக்காரர்கள். நிலம் அதே நிலம், கிணறு அதே கிணறு, தாலுகா ஆபீசில் மட்டும் தெலுங்கில் மனு கொடுக்க வேண்டும். இதை எதிர்த்து ரோட்டில் உட்கார்ந்தோம், ஊர்வலம் போனோம். நான் மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாதவன். ஆனால் என்னைத்தான் பேசச் சொல்வார்கள். கோடு தாண்டாத படகு என்று நான் தொடங்கினால் கூட்டம் மூச்சு விடாமல் கேட்கும். எத்தனை ஊரில் பேசினேன் என்று கணக்கில்லை. பேசி முடித்து வந்து கட்டிலில் விழுந்தால், மகளை மேடைக்கு மேடை இன்னொரு தடவை முழுக வைத்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். இருந்தாலும் மறுநாளும் போவேன்.

ரங்கையாவை நான் சும்மா விடவில்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். அவன் பெண்டாட்டி கங்கம்மா எங்கள் சந்தைக்குக் கருவாடு கொண்டுவரும். அந்தக் கூடையில் யாரும் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு வருஷமாக யாரும் வைக்கவில்லை. போன வாரம் அந்தம்மா மறுபடி வந்து உட்கார்ந்தது. நம்ம பசங்கள் கூடையைக் கவிழ்த்துவிட்டார்கள். அந்தம்மா மண்ணில் விழுந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டிக் கூடையில் போட்டுக்கொண்டு, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து ருக்மணியிடம் சொன்னேன். "இதனால நம்ப பொண்ணு எழுந்து வந்துடப் போறாளா?" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

கோவர்த்தனன்


சித்தூர்
13-12-1959

ஐயா,

இந்தக் கடிதத்தை இரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இரண்டாவது வரியில் நின்றுவிடுவேன். கங்கம்மாவின் கூடையைப் பற்றி நீங்கள் எழுதிய பிறகு நிற்க முடியவில்லை.

ரங்கையா நின்றது ராஜ்ய எல்லையில் இல்லை. ராஜ்ய எல்லை அங்கிருந்து தெற்கே வெகு தூரம். கொம்புக்கு இரண்டு பக்கமும் ஆந்திராத் தண்ணீர்தான். அவர் நின்றது என் கோட்டில். எங்கள் படகுகள் எதுவும் கொம்பைத் தாண்டாது என்ற ஏழாவது விதியை எழுதியவள் நான்.

போட்டிக்கு நாலு நாள் முன்பு ஒத்திகை நடந்தது. ஒரு பெண்ணின் ஓலைத் தொப்பி காற்றில் பறந்து கொம்புக்கு அப்பால் விழுந்தது. ரங்கையா சிரித்துக்கொண்டே படகைத் தள்ளிக்கொண்டு போய் அதை எடுத்து வந்தார். அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். அவரைக் கரையில் நிற்க வைத்து, எல்லாப் பெண்களுக்கும் முன்னால் திட்டினேன். நான் எழுதிக் கொடுத்த வாக்கை நீ முதல் நாளே உடைத்துவிட்டாய் என்றேன். மறுபடி உன் படகு கொம்பைத் தாண்டினால் போட்டியையே நிறுத்திவிடுவேன், இத்தனை பிள்ளைகளின் உழைப்பும் உன்னால் வீணாகும் என்றேன். ஏழாவது விதியைத் தெலுங்கில் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவர் திருப்பிச் சொன்னார். தாட்சாயணி அப்போது என் பக்கத்தில்தான் நின்றாள். "பாவம் டீச்சர், தொப்பிதானே" என்றாள்.

போட்டி அன்றைக்கு அவள் படகுதான் முன்னால் வந்தது. திரும்பும் இடத்தில் காற்று சட்டென்று மாறியது. படகு கொம்பைத் தாண்டி அடித்துக்கொண்டு போய், வலை கட்டும் கழிகளுக்கு நடுவே கவிழ்ந்தது. ஞானம்மாள் தூரத்தில் எறியப்பட்டு ஒரு கழியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். தாட்சாயணி பாய்க்கு அடியில் போய்விட்டாள். நான் கரையில் முடிவுக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் திரும்பியபோது கவிழ்ந்த படகு என் கண்ணில் படவில்லை, இன்னொரு படகின் பாய் மறைத்தது. ரங்கையா மட்டும் தெரிந்தார். கொம்பருகே படகை நிறுத்தி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி என்னைப் பார்த்து ஏதோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. அப்போது என் மனதில் தோன்றியதை உங்களுக்கு எழுதியே ஆக வேண்டும். நல்ல மனுஷன், விதியை மறக்கவில்லை என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன் ஐயா.

அவர் என் அனுமதிக்காக நின்றார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு படகை அங்கேயே விட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்து நீந்தினார். அப்போதும் படகு கொம்பைத் தாண்டவில்லை. படகோடு போயிருந்தால் பத்துத் துடுப்பில் எட்டியிருப்பார். எட்டியபோது நேரம் கடந்துவிட்டது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கழுத்தளவுத் தண்ணீரில் நடந்தே கரைக்கு வந்தார்.

குப்பத்துப் பெரியவர் ஏகாம்பரம் அன்றைக்கே என்னைக் கேட்டார். "முங்கிப் போறவங்களுக்கு ஏதும்மா பாடு? உசுருன்னா யாரு எங்க வேணா போலாம். அத யாராவது எழுதிப் போடுவாங்களா?" என்றார். அந்த வழக்கத்தை அவர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிறார்கள். விதி எழுதியபோது நான் அதைக் கேள்விப்பட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று காகிதத்தில் எழுதினேன். இத்தனைக்கும் அந்தப் பக்கம் அன்றைக்கு ஒருவர்கூட வலை கட்டவில்லை.

மறுநாள் ரங்கையா வீட்டுக்குப் போய், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "மீ உத்யோகம் போதுந்தம்மா. நேனு செப்பனு" என்றார். என் வேலை போய்விடுமாம், அவர் யாரிடமும் சொல்லமாட்டாராம். அவரை எல்லார் முன்னாலும் திட்டிய எனக்காக அதைச் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். விதவைத் தாயும் இரண்டு தம்பிகளும் என் சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு நீங்கள் ஒரே வரி கேட்டீர்கள். ஆம், நின்றது என்று எழுதினேன். அந்த ஒரு வரிக்கு உள்ளே ஒளிந்துகொண்டேன். நீங்கள் மேடையில் பேசியதெல்லாம் நான் எழுதாமல் விட்ட மீதியால் வந்தது.

மன்னிப்பு கேட்கவில்லை. கேட்கும் இடத்தில் நான் இல்லை. கங்கம்மாவின் கூடையை மட்டும் விட்டுவிடுங்கள்.

கிருபாவதி


திருப்பதி
24-1-1960

ஐயா,

ஆறு வாரமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமையில்லை. நடந்ததைத் தெரிவிக்க மட்டும் எழுதுகிறேன்.

விதிகளைத் திருத்த இன்று மறுபடி திருப்பதியில் கூடினோம், அதே அறை, அதே மேஜை. எல்லார் முன்னாலும் ஏழாவது விதியைப் பற்றிச் சொன்னேன். இந்த வருஷத்தோடு வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று எங்கள் முதல்வருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். போட்டி வரைக்கும் இருந்து விதியைச் சரிசெய்துவிட்டுப் போ என்றார்.

யசோதாவிடம் இம்மாதத் தொடக்கத்திலேயே சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் எழுந்து போய்விட்டாள். எட்டு நாள் என் முகத்தில் விழிக்கவில்லை. ஒன்பதாம் நாள் வந்து, காற்று பின்னாலிருந்து மாறினால் சுக்கானை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். அக்காவுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தீர்களா என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன் என்றேன்.

பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டேன். உங்கள் சொல்லை மீற மாட்டேன்.

கிருபாவதி


சத்தியவேடு
22-2-1960

டீச்சரம்மா கிருபாவதிக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. டிசம்பர் மாதத்துக் கடிதத்தைப் படித்துவிட்டு உங்களைக் கெட்ட வார்த்தையில் திட்டி ஐந்து பக்கம் எழுதினேன். ருக்மணி அதைப் போஸ்ட் பண்ண விடவில்லை. "மொதல்ல அந்த ஆள போய் பாத்துட்டு வா. அப்பறம் யார வேணா திட்டு" என்றாள். போவதற்கு எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது மட்டும் மூன்று தடவை.

போன வியாழக்கிழமை போனேன். பஸ்ஸில் சூளூர்ப்பேட்டை, அங்கிருந்து வண்டி, கடைசியில் நடை. ரங்கையாவின் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. அதற்கடியில் கோழி அடைத்திருந்தார்கள். அந்த மனுஷன் இரண்டு வருஷமாக ஏரியில் இறங்கவில்லையாம். உப்பளத்தில் மூட்டை தூக்குகிறார். கங்கம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டது. "சந்தைக்காரரு வந்துகீறாரு" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது. அந்தத் தண்ணீரை என்னால் எடுத்துக் குடிக்க முடியவில்லை.

நான் எதையும் கேட்பதற்கு முன்னால் ரங்கையாவே தமிழில் சொன்னார். அவர் சொன்னது போலவே எழுதுகிறேன்.

"நான் போய் சேரும்போது பாப்பாவுக்கு உசுரு இருந்துச்சி சாமி. கைய புடிச்சா. தாவணி வலைக்கழியில சுத்திக்கிச்சி. கிழிக்கப் பாத்தேன், கெட்டித் துணி. அவுத்து உட்டுடலாம்னா ஊக்கு குத்திகீது. தோள்ல ரெண்டு கழட்டிட்டேன். இடுப்புல ஒண்ணு கழட்டிட்டேன். நாலாவது வரல சாமி. வெரலு மரத்துப் போச்சி. அந்த ஒண்ணு வரல."

அதைச் சொல்லிவிட்டுத் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மூன்றைக் கழற்றியவர் நாலாவதுக்காக இரண்டு வருஷம் உப்பு மூட்டை சுமந்திருக்கிறார். நாலையும் குத்தச் சொன்ன நான் மேடை மேடையாக அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இதை நீங்கள் உங்கள் கடிதத்தில் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. உடம்பைத் துடைத்துத் துணி மாற்றியது நீங்கள்தான் என்று யசோதா சொன்னாள். உங்கள் கோட்டை மறைத்தது உங்களுக்காக. என் ஊக்கை மறைத்தது எனக்காக. அது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

உங்கள் பழைய கடிதத்தையும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் படித்தேன். எங்கள் படகுகள் எதுவும் தாண்டாது என்று அப்போதே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு, பரவாயில்லை, மரியாதை தெரிந்த டீச்சர் என்றுதான் நானும் நினைத்தேன். ஒழுங்காக இருக்க வேண்டும், நாலு பேர் நம்மை நல்ல மாதிரி பேச வேண்டும் என்று நீங்கள் ஒரு வரி எழுதினீர்கள், நான் ஒரு வரி எழுதினேன். நடுவில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. எழுதினால் பொய். என்னையே மன்னிக்க முடியாதவன் உங்களை எங்கே மன்னிப்பது? உங்கள் மேல் கோபம் இருக்கிறது, இருந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் வேலையை விட்டுப் போகாதீர்கள். இனிமேல் ஒரு விதியை எழுதும்போது உங்களைப் போலக் கை நடுங்குகிறவர் வேறு யாரும் அங்கே கிடைக்கமாட்டார்கள்.

சந்தை நாளில் கங்கம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். கூடையை நானே இறக்கி வைத்து, எத்தனை மேடையில் பேசினேனோ அத்தனையும் தப்பு என்று நின்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. ஆந்திராவோடு சேரப் போகிறோம் என்றதும் கோவர்த்தனன் இப்பவே ஆளை மாற்றிக்கொண்டான் என்று சிரித்தார்கள். எல்லைக்காக ரோட்டில் உட்கார்ந்ததற்கு நான் வருத்தப்படவில்லை. மகளை அதற்குள் இழுத்ததற்குத்தான். முதலில் ருக்மணி வந்து கருவாடு வாங்கினாள். அப்புறம் இரண்டு பேர் வாங்கினார்கள், அவ்வளவுதான்.

யசோதாவின் பெயரை மறுபடி எழுதுங்கள். முதல் பத்திரத்தை அடுப்பில் போட்டுவிட்டேன், அதனால் இதையே சம்மதமாக வைத்துக்கொள்ளுங்கள். நிபந்தனை ஒன்றும் இல்லை. அவள் கேட்டது போல இரண்டு பைஜாமாவும் இரண்டு சட்டையும் ருக்மணி தைத்துவிட்டாள். ஐந்தாம் தேதி நானும் ஏரிக்கு வருகிறேன், காவல் படகில் எனக்கு ஒரு இடம் வையுங்கள். ரங்கையாவைக் கேட்டேன், வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் கிளம்பும்போது, கோழியை வேறு எங்கேயாவது அடைக்கச் சொல்லிக் கங்கம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பைஜாமாவுக்கு ஊக்கு கிடையாது. நாடாதான், ஒரே இழுப்பில் அவிழும்படி முடிச்சுப் போடச் சொல்லியிருக்கிறேன். சொன்னால் போதாது என்று, நேற்று அதை என் வேட்டிக்கு மேல் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கினேன். வரப்பில் போனவர்கள் நின்று சிரித்தார்கள். மூச்சைப் பிடித்து அடி வரைக்கும் முங்கி, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். மூன்று தடவையும் அவிழ்ந்தது.

இப்படிக்கு,
கோவர்த்தனன்